மயில் திரையின் பூர்வீகம்

எந்தத் தீம் பார்க்குக்குப் போனாலும் ஒரு திறந்தவெளி மேடை கண்ணில் படும். ராட்டினத்தில் சுற்றித் தலை கிறுகிறுத்தவர்கள் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொள்ள, மேடையில் யாராவது ஆடுவார்கள், பாடுவார்கள், சேட்டை செய்து சிரிக்க வைப்பார்கள். தனிக் கட்டணம் கிடையாது. பிடித்தால் நிற்கலாம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். இவ்வளவு சாதாரணமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டின் பின்னே நானூறு ஆண்டுகளைத் தாண்டிய கதை இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் கோபன்ஹேகனில் தொடங்குவது நல்லது.

அந்த நகரின் நடுவே உள்ள டிவோலி பூங்காவில் ஒரு மௌனநாடக அரங்கு இருக்கிறது. 1874-இல் கட்டியது. மேடைக்குத்தான் கூரை, பார்ப்பவர்களுக்கு வானம்தான். மேடையின் வாயில் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மயில் தோகை விரித்து நிற்கும். ஆட்டம் தொடங்கும் நேரம் வந்ததும் தோகை மடங்கும். அதுதான் திரை. அதை இயக்க உள்ளே ஐந்து பேர் வேண்டும்.

கட்டடத்தின் பாணி சீனம். வரைந்தவர் டேனிஷ்காரர். உள்ளே ஆடுவது இத்தாலியில் பிறந்த கதை. கோமாளியின் பெயர் பிரெஞ்சு. ஆட்ட முறையில் பாதி இங்கிலாந்திலிருந்து வந்தது. டிவோலி என்பது ரோம் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அந்தப் பெயரும் நேராக வராமல் பாரிஸ் வழியாகத்தான் வந்தது. திரையாக நிற்கும் பறவையோ நம்முடையது. இத்தனையும் வடக்கே குளிர்க்காற்று வீசும் ஒரு துறைமுக நகரத்தில் எப்படி ஒன்றுகூடின?

1545-ஆம் ஆண்டு இத்தாலியின் பாதுவா நகரில் எட்டு ஆண்கள் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடுவது, வருவாயைப் பங்கிட்டுக்கொள்வது, ஒருவர் நோயில் விழுந்தால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்வது, சாமான் சுமக்கக் கூட்டாக ஒரு குதிரை வாங்குவது என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. கொமேடியா தெல்லார்ட்டே என்று பின்னாளில் பெயர் பெற்ற தொழில்முறை நாடகத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்று இது. முழு வசனம் எழுதி வைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. கதையின் சுருக்கம் மட்டும் கையில் இருக்கும். மீதியெல்லாம் மேடையில் அப்போதைக்கப்போது பிறக்கும். பாத்திரங்கள் மட்டும் மாறுவதில்லை. பணத்தைக் கட்டிக்கொண்டு அழும் கிழவர், வண்ணத் துண்டுகள் ஒட்டிய உடையில் துள்ளும் அர்லெக்கீனோ, கெட்டிக்காரப் பணிப்பெண் கொலம்பினா, ஏமாளி வேலைக்காரன் பெத்ரொலீனோ.

இந்தக் குழுக்கள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் பாரிசுக்குப் போயின. அங்கே ஒரே அரங்கை ஓர் இத்தாலியக் குழுவும் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் குழுவும் நாள் பிரித்துப் பயன்படுத்தின. பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தால் கைமாற்று நடக்கத்தானே செய்யும்? இத்தாலியர்களின் அசைவுகளையும் நகைச்சுவையையும் மோலியேர் தாராளமாக எடுத்துக்கொண்டார். 1665-இல் அவர் எழுதிய டான் ஜுவான் நாடகத்தில் பியரோ என்றொரு நாட்டுப்புறத்தான் வருகிறான். சில ஆண்டுகளில் இத்தாலியர்கள் அந்தப் பெயரைத் தங்கள் வெள்ளுடை வேலைக்காரனுக்குச் சூட்டிக்கொண்டார்கள். பெத்ரொலீனோ பியரோ ஆனான். அர்லெக்கீனோ ஹார்லெக்வின் ஆனான்.

அடுத்து வந்தது பேரிடி. 1697-இல் இத்தாலியர்கள் அறிவித்த ஒரு நாடகம் பதினான்காம் லூயி ரகசியமாக மணந்துகொண்ட மதாம் தெ மாந்தெனோனைக் கிண்டல் செய்கிறது என்ற பேச்சு எழுந்தது. அரசர் அவர்களைப் பாரிசைவிட்டே விரட்டினார். அரங்கு பூட்டப்பட்டது. ஆனால் பியரோவும் ஹார்லெக்வினும் ஊரைவிட்டுப் போகவில்லை. பாரிசில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய சந்தைகளில் கயிற்றில் நடப்பவர்களும் குட்டிக்கரணம் போடுபவர்களும் இருந்தார்கள். சொந்தக்காரர் போய்விட்ட வேடங்களை அவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

இது அரச சலுகை பெற்ற பெரிய நாடக மன்றத்துக்குப் பொறுக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் வசனம் பேசி நடிக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே என்று வழக்குத் தொடுத்து, சந்தைக் கலைஞர்கள் மேடையில் உரையாடக் கூடாது என்று தடை வாங்கியது. அதற்குச் சந்தைக்காரர்கள் கண்டுபிடித்த மாற்று வழிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. உரையாடல்தானே கூடாது என்று ஒருவர் மட்டும் பேசி, மற்றவர் சைகையில் பதில் சொன்னார்கள். அதற்கும் தடை வந்தபோது, 1710-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வசனத்தைப் பலகையில் எழுதி மேலிருந்து இறக்கினார்கள். மன்மத வேடமிட்ட குழந்தைகள் அந்தரத்தில் தொங்கியபடி பலகையைப் பிடித்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டை வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். நடிகர் வாயைத் திறக்க மாட்டார். பலகையைப் பார்த்துப் பார்வையாளர்களே பாடிவிடுவார்கள். மக்கள் பாடினால் எந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும்?

சட்டம் வாயைக் கட்டியதால் உடல் பேசக் கற்றுக்கொண்டது. இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதும் திருப்பம் இதுதான். மொழி இல்லாத நாடகம் எந்த எல்லையையும் தாண்டலாம். வாயடைக்கப்பட்ட சந்தைக் கோமாளிகள் ஐரோப்பா முழுவதற்கும் ஏற்ற ஒரு கலையை உருவாக்கிவிட்டார்கள்.

லண்டன் உடனே நகல் எடுத்தது. 1717-இல் நடன ஆசிரியர் ஜான் வீவர் பேச்சே இல்லாத நாடகம் ஒன்றை மேடையேற்றினார். போட்டி அரங்கை நடத்திய ஜான் ரிச் தாமே ஹார்லெக்வின் வேடம் கட்டி, ஒரு சொல்லும் பேசாமல் ஊரை மயக்கினார். அங்கேயும் சட்டம் மௌனத்துக்குத் துணை நின்றது: 1737-இல் வந்த உரிமச் சட்டத்துக்குப் பிறகு லண்டனில் வசன நாடகம் நடத்தும் அனுமதி அரச உரிமை பெற்ற அரங்குகளோடு சுருங்கியது. மற்றவர்களுக்கு ஆட்டம், பாட்டு, ஊமைக்கூத்து இவைதான் மிஞ்சின.

அதே லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், நம் கதையின் மற்றொரு பாதி வளர்ந்துகொண்டிருந்தது. வாக்ஸ்ஹால் தோட்டத்தை 1729-இல் ஜோனதன் டையர்ஸ் குத்தகைக்கு எடுத்தார். ஒரு ஷில்லிங் கொடுத்தவர் யாரானாலும் உள்ளே வரலாம். மரங்களுக்கிடையே இசை மேடை, ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள், சிற்றுண்டி, சீன மாதிரிக் கொட்டகைகள். 1749-இல் ஹாண்டெல் தம் வாணவேடிக்கை இசையை இங்கே ஒத்திகை பார்த்தபோது 12,000 பேர் திரண்டதாகவும், லண்டன் பாலத்தில் வண்டிகள் மூன்று மணி நேரம் நகர முடியாமல் நின்றதாகவும் அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரபுவும் கடைக்காரரும் ஒரே மேடையை ஒரே புல்வெளியில் நின்று பார்ப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. ஐரோப்பாவின் பல நகரங்களில் வாக்ஸ்ஹால் என்ற பெயரிலேயே தோட்டங்கள் முளைத்தன. பாரிஸ் தன் தோட்டத்துக்கு டிவோலி என்று பெயர் வைத்தது; நீரூற்றுகளுக்குப் புகழ்பெற்ற இத்தாலிய ஊரின் நினைவாக.

இனி டென்மார்க். கோபன்ஹேகனுக்கு வடக்கே காட்டுக்குள் ஓர் ஊற்று உண்டு. அதன் நீர் நோய் தீர்க்கும் என்று 1583 முதலே மக்கள் கூடத் தொடங்கினார்கள். கூட்டம் கூடிய இடத்தில் கடைக்காரர்களும் வித்தைக்காரர்களும் கூடாமல் இருப்பார்களா? பாக்கன் என்ற அந்த இடம் இன்றும் இயங்கும் கேளிக்கைப் பூங்காக்களில் உலகிலேயே பழமையானது. 1795-ஐ ஒட்டி ஜேம்ஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேயக் குதிரை வித்தைக்காரர் டென்மார்க்கில் வந்து தங்கினார். 1800-இல் பாஸ்குவாலே கசோர்ட்டியின் இத்தாலியக் குழு வந்து இறங்கியது. அதில் ஜுசேப்பே கசோர்ட்டி பியரோவாக ஆடினார். இரு குழுக்களும் கலந்தன. லண்டனில் மெருகேறிய ஹார்லெக்வின் தந்திரங்களும் இத்தாலியக் கோமாளித்தனமும் ஒரே மேடையில் சேர்ந்தன. டேனிஷ் மொழி தெரியாதது அவர்களுக்குக் குறையாகவே இல்லை. கசோர்ட்டி அமைத்த மௌனநாடகங்கள் அவருக்குப் பின் குடும்பக் குழுக்களின் கைகளில் தலைமுறை தாண்டி நின்றன.

தோட்டத்தையும் மௌனநாடகத்தையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தவர் கேயோர்க் கார்ஸ்டென்சன். டேனிஷ் அரசின் தூதரக அதிகாரிக்கு 1812-இல் அல்ஜியர்ஸில் பிறந்தவர், உலகம் சுற்றியவர், பத்திரிகைகள் நடத்தியவர். லண்டன் வாக்ஸ்ஹாலையும் பாரிஸ் டிவோலியையும் போல ஒன்று கோபன்ஹேகனுக்கு வேண்டும் என்று அரசர் எட்டாம் கிறிஸ்தியானிடம் கேட்டார். மக்கள் களித்திருக்கும்போது அரசியலை நினைக்க மாட்டார்கள் என்று அரசரிடம் எடுத்துச் சொன்னதாக டேனிஷ்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அனுமதி கிடைத்தது. கொடுக்கப்பட்ட இடம் நகரின் மேற்கு வாசலுக்கு வெளியே, கோட்டைக் காவலுக்காக ராணுவம் காலியாக வைத்திருந்த நிலம். பூங்காவில் இன்று படகு விடும் ஏரி அந்தக் கோட்டை அகழியின் மிச்சம். 1843 ஆகஸ்ட் 15 அன்று திறந்தபோது வைத்த பெயர் 'டிவோலி - வாக்ஸ்ஹால்'. எங்கிருந்து நகல் எடுத்தோம் என்பதை வாசலிலேயே எழுதி வைத்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே தமிழர்களுக்குத் தெரிந்த ஓர் ஊர் குறுக்கே வருகிறது. இதே எட்டாம் கிறிஸ்தியான்தான் இரண்டே ஆண்டுகள் கழித்து, 1845-இல், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையில் தொடங்கிய டேனிஷ் ஆட்சி அங்கே அப்படி முடிந்தது. கப்பல்கள் கொண்டுவந்த கிழக்கு கையைவிட்டுப் போன அதே காலத்தில், ஊருக்குள் மரத்தாலும் வண்ணத்தாலும் ஒரு கிழக்கு எழும்பியது. டிவோலியின் முதல் கட்டடங்களை வரைந்த ஹெச். சி. ஸ்டில்லிங் அவற்றில் பலவற்றுக்கு அரபு, சீனச் சாயல் தந்திருந்தார்.

அந்த முதல் பருவத்திலேயே ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் பூங்காவுக்குள் உலவிக்கொண்டிருந்தார். அக்டோபர் 11 அன்று டிவோலிக்குப் போனதையும் சீனக் கதை ஒன்றைத் தொடங்கியதையும் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த அந்த இராப்பாடிப் பறவைக் கதை அடுத்த மாதமே அச்சில் வந்தது. அந்தச் சமயம் கோபன்ஹேகனில் பாடிச் சென்ற ஸ்வீடன் நாட்டுப் பாடகி யென்னி லிண்ட் மீது அவருக்கிருந்த காதலும் அதற்குள் இருக்கிறது. சீனா மட்டும் பூங்காவிலிருந்து வந்தது.

மௌனநாடகத்துக்கும் முதல் பருவத்திலேயே டிவோலியில் இடம் கிடைத்தது. பியரோவாக மேடையேறியவர் நீல்ஸ் ஹென்ரிக் ஃபோல்கர்சன் என்ற இளைஞர். 1843-இல் கட்டிய அந்த வெள்ளை வேடத்தை அவர் 1893-இல் இறக்கும்வரை கலைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள்! அவரைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள் தங்கள் பேரக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் மேடையில் அவரே இருந்தார். டேனிஷ் நடனத்தின் தலைமகன் ஆகஸ்ட் பூர்னோன்வில் அவருடைய கலையை மதித்தவர்.

அதே 1843-இல் லண்டனில் வேறொன்று நடந்தது. புதிய நாடகச் சட்டம் வந்து, வசனம் பேசும் உரிமையில் பெரிய அரங்குகளுக்கு இருந்த ஏகபோகத்தை ஒழித்தது. ஊமையாயிருந்த ஆங்கில மௌனநாடகத்துக்கு வாய் திறந்தது. பாட்டும் சிலேடையும் பெருகின. ஹார்லெக்வின் பகுதி கதையின் கடைசியில் ஒட்டிய துண்டாகச் சுருங்கி, மெல்ல மறைந்தது. பாரிசிலோ பியரோவை உயரத்துக்குக் கொண்டுபோன தெபுரோ 1846-இல் காலமானார். அவர் ஆடிய அரங்கை 1862-இல் நகரச் சீரமைப்பு இடித்துத் தள்ளியது. பிறந்த ஊர்களிலெல்லாம் இழை அறுந்தது. கடனாக வாங்கிய ஊர் மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. தெபுரோவுக்குப் பின் பிரான்சில் பியரோ நிலவைப் பார்த்து ஏங்கும் சோகக் காதலன் ஆகிவிட்டான். டேனிஷ் பியரோவோ அதற்கு முந்தியவன். சிவந்த வாயும் தீராத பசியும் கொண்ட பழைய சந்தைக் கோமாளி.

1874-இல் அவனுக்குப் புது வீடு கட்ட வந்தவர் வில்ஹெல்ம் டாலரூப். அதே ஆண்டு, இன்னொரு கட்டடக் கலைஞரான ஓவே பீட்டர்சனோடு சேர்ந்து, அவர் நகரின் ராஜ அரங்கையும் கட்டி முடித்தார். ஒன்று பளிங்கும் பொன்முலாமும் மின்னும் மூடிய மாளிகை; மற்றொன்று செம்மையும் பொன்னும் பச்சையும் பூசிய சீனக் கூடாரம், எதிரே வெட்டவெளி. ஒரே கை ஒரே ஆண்டில் இரண்டையும் வரைந்திருக்கிறது. கிழக்கின் மீது டாலரூப்புக்கு இருந்த ஆசை அதோடு அடங்கவில்லை. பின்னாளில் கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையின் வாசலில் நான்கு கருங்கல் யானைகளை நிறுத்தியவரும் அவரே.

சீனக் கூரை ஐரோப்பாவுக்கு வந்த வழி வணிகர்களின் வழி. 1732-இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கப்பல்கள் ஒரு பக்கம் தரங்கம்பாடிக்கும் மறுபக்கம் சீனத்துக் கான்டனுக்கும் ஓடின. கான்டனிலிருந்து தேயிலையும் பீங்கானும் வந்தன. பீங்கான் மீது தீட்டிய வளைந்த கூரைகளும் கூடவே வந்தன. ஸ்வீடன் கம்பெனிக்காகக் கான்டன் போய்வந்த வில்லியம் சேம்பர்ஸ் 1757-இல் சீனக் கட்டடங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அதைப் பார்த்துத் தோட்டம்தோறும் சீன மண்டபங்கள் எழுந்தன.

டாலரூப்பின் மேடை முகப்பில் சீன எழுத்துகள் நான்கு இருக்கின்றன. மக்களோடு சேர்ந்து மகிழ்வது என்பது அவற்றின் கருத்து. இது மென்சியஸின் சிந்தனை. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன ஞானி அவர். லியாங் நாட்டு அரசர் தம் தோட்டத்துக் குளக்கரையில் நின்று வாத்துகளையும் மான்களையும் பார்த்தபடி, நல்லவர்கள் இதையெல்லாம் ரசிப்பார்களா என்று கேட்கிறார். மக்களோடு பகிர்ந்துகொண்டதால்தான் முன்னோர்களால் தங்கள் தோட்டத்தில் மகிழ முடிந்தது என்பது மென்சியஸ் சொன்ன பதிலின் சாரம். மக்கள் கவனத்தைத் திருப்பத் தோட்டம் கேட்டவர் கார்ஸ்டென்சன். மக்களுக்குப் பங்கு கொடுக்கத் தோட்டம் என்றவர் மென்சியஸ். ஞானியின் வாதமே மேடை முகப்பில் ஏறியது. அதுதான் சரி என்பேன். அரசர் கேட்ட வாதமோ ஆறே ஆண்டுகளில் பொய்த்துவிட்டது: 1849-இல் டென்மார்க்கில் வரம்பற்ற முடியாட்சி முடிந்து அரசியல் சாசனம் வந்தது.

கார்ஸ்டென்சனுக்கு டிவோலி நிலைக்கவில்லை. நிர்வாகத்தோடு முரண்பட்டு விலகி, கடல் கடந்து போய், 1853-இல் நியூயார்க்கில் எழுந்த கண்ணாடி மாளிகையை இன்னொருவருடன் சேர்ந்து வடிவமைத்தார். திரும்பி வந்து அல்ஹாம்ப்ரா என்ற போட்டிப் பூங்காவைத் தொடங்கினார். 1857-இல் அது திறக்கும் முன்பே இறந்துபோனார். நியூயார்க் மாளிகை 1858-இல் தீக்கிரையானது. அல்ஹாம்ப்ராவும் நீடிக்கவில்லை. இரவல் பெயர் வைத்த பூங்கா மட்டும் நிலைத்தது.

அதற்கும் சோதனை வந்தது. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் நகரம் இருளில் மூழ்கியிருக்க, பூங்காவின் கட்டடக் கலைஞர் பவுல் ஹென்னிங்சன் மேலிருந்து பார்க்கும் விமானத்துக்குத் தெரியாதபடி ஒளியைத் தரைக்கு மட்டும் இறக்கும் விளக்கு ஒன்றை வடிவமைத்தார். இரவிலும் மக்கள் வந்தார்கள். 1944 ஜூனில் நாஜி ஆதரவு நாசகாரர்கள் டிவோலியில் குண்டு வைத்தார்கள். இசை மண்டபமும் கண்ணாடி மண்டபமும் அழிந்தன. மயில் பிழைத்தது. சில வாரங்களிலேயே பூங்கா மறுபடி திறந்தது.

1951-இல் வால்ட் டிஸ்னி, வானொலி அறிவிப்பாளர் ஆர்ட் லிங்க்லெட்டருடன் டிவோலியைச் சுற்றிப் பார்த்தார். தூய்மையையும் பூச்செடிகளையும் விளக்குகளையும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் முகங்களையும் கவனித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டே நடந்ததாக லிங்க்லெட்டர் பின்னர் நினைவுகூர்ந்தார். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது தொலைக்காட்சி நேரலையைத் தொகுத்து வழங்கியவர்களில் லிங்க்லெட்டரும் ஒருவர். 1985-இல் அங்கே இளைஞர்கள் ஆட ஒரு திறந்தவெளி மேடை வந்தது. 1995-இல் அது கதை நாடகங்கள் நடக்கும் ஃபேன்டஸிலேண்ட் அரங்காக மாறியது. உலகின் மற்றத் தீம் பார்க்குகள் டிஸ்னியைப் பார்த்து எழுதிக்கொண்டன. ஜப்பானியர்கள் நேராக மூலத்துக்கே போனார்கள்: குராஷிக்கி நகரில் 1997-இல் ஒரு டிவோலி பூங்கா திறந்து, 2008-இன் கடைசியில் மூடப்பட்டது.

கோபன்ஹேகன் மேடையில் இன்று மௌனநாடகத்தோடு பாலேயும் நவீன நடனமும் நடக்கின்றன. கதை முடிந்ததும் குழந்தைகள் பியரோவைப் பார்த்து ஏதாவது பேசு, பேசு என்று கத்துவார்கள். அதன் பிறகே அவன் வாயைத் திறப்பான். 2007-இல் ஆண்டர்சனின் 'தீக்கல் பெட்டி' கதை அங்கே பாலேயாக வந்தபோது மேடைக் காட்சிகளையும் உடைகளையும் வரைந்தவர் அப்போது நாட்டை ஆண்ட அரசி இரண்டாம் மார்கரெதே. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆண்டர்சனின் இன்னொரு கதைக்கும் அவரே வரைந்தார்.